எழுத உறிமை

உரிமை என்ற சொல்லில் வருவது சின்ன ரியா, பெரிய றியா என்று முப்பத்தாறு வயதுவரை எனக்குத் தெரியாது. தெரியாததில் எனக்கு வெட்கமும் இருந்ததில்லை. மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்துகளை, வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளைப் பார்த்துத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன். இன்று இதைத் தப்பில்லாமல் எழுத முடிகிறதென்றால், அதற்குக் காரணம் என்னைப் பார்த்துச் சிரித்த ஒரு மனிதர். அவர் பிழைப்பில் மண்ணைப் போட்டவள் நான்.

நான் வேலை பார்ப்பது பஜார் ரோட்டில், பழைய மிளகுக் கிடங்கு ஒன்றின் மாடியில் இருக்கும் பரிசோதனைக் கூடத்தில். ஏற்றுமதிக்குப் போகிற ஏலக்காய், மிளகு, மஞ்சள் எல்லாவற்றிலும் கொஞ்சம் எங்களிடம் வரும். பூச்சிமருந்து எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்து அறிக்கை கொடுப்போம். அந்த அறிக்கைகள் எல்லாம் இருக்கும் லினக்ஸ் சர்வர் என் பொறுப்பு. எட்டு வருடமாக நான் ஒருத்திதான் அதைப் பார்த்துக்கொள்கிறேன். வேறு யாருக்கும் அதன் பக்கத்தில் வரத் தைரியம் கிடையாது. அப்படித்தான் நான் வைத்திருந்தேன்.

அவர் எங்கள் தலைமை ஆய்வாளர். போடிநாயக்கனூர்க்காரர், ஐம்பது தாண்டியவர். வைப்பின் தீவில் ஒரு அறை எடுத்துத் தனியாகத் தங்கி, தினமும் காலையில் ஜங்கார் படகில் ஃபோர்ட் கொச்சிக்கு வந்திறங்கி பஸ் பிடிப்பார். பூச்சிமருந்து அளவைக் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள் என்று எந்த வியாபாரியாவது குழைந்தால், வாசலோடு அனுப்பிவிடுவார். ஆய்வாளருக்குக் கையெழுத்துதான் சொத்து, அது கெட்டால் எந்த லேபும் வாசலில்கூட நிற்க விடாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதை எங்களுக்கும் வாரத்துக்கு ஒரு முறை சொல்லிக்கொண்டிருப்பார்.

நான் அவரைச் சேட்டா என்று கூப்பிடுவேன்.

"அண்ணேன்னு சொல்லும்மா. நீயும் தமிழ், நானும் தமிழ். நடுவுல என்ன சேட்டா?" என்பார்.

நான் வேண்டுமென்றே மறுபடியும் சேட்டா என்பேன். டீயை நான் சாயா என்றாலும் மரவள்ளிக்கிழங்கைக் கப்பை என்றாலும் அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு எனக்கு ஆகவே ஆகாது.

லினக்ஸில் ஒரு ஃபோல்டரைப் பொறுத்தவரை உலகத்தில் மூன்றே தரப்புதான். சொந்தக்காரர், ஒரு குழு, மீதி எல்லாரும். எங்கள் தேவை அதில் அடங்கவில்லை. முடிந்த அறிக்கைகள் இருக்கும் ஃபோல்டரை ஆபீஸ் குழுவில் இருப்பவர்கள் பார்க்கலாம், கைவைக்கக் கூடாது. அந்தக் குழுவில் இல்லாத ஆய்வாளர் மட்டும் எழுதலாம். இப்படி ஆள் பார்த்து உரிமை கொடுப்பதற்கு ஏசிஎல் என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால், ஃபோல்டரின் உரிமைகளைக் காட்டும் எழுத்துகளின் கடைசியில் சின்னதாக ஒரு கூட்டல் குறி வரும். மூன்று தரப்பையும் தாண்டி வேறு யாருக்கோ தனி ஏற்பாடு இருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

யாருக்கு எங்கே என்ன உரிமை என்று ஒரு பட்டியல் தயாரித்து, மலையாளத்திலும் தமிழிலும் அச்சடித்து லேப் சுவரில் ஒட்டினேன். தமிழில் வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. பாத்திரம் கழுவும் தமிழ்நாட்டுப் பெண்கள் இரண்டு பேருக்காக என்று சொல்லிக்கொண்டேன். அவர்கள் எதற்காக சர்வரைத் தொடப்போகிறார்கள்? அவர் பார்க்க வேண்டும் என்றுதான் எழுதினேன். முடிந்த அறிக்கைகள் என்ற வரிக்கு நேரே, தலைமை ஆய்வாளர் என்று போட்டு, "எழுத உறிமை இவருக்கு மட்டும்" என்று எழுதியிருந்தேன்.

அவர் பார்த்தார். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து றியைச் சுற்றி வட்டம் போட்டு, மேலே ரி என்று எழுதினார்.

"உறியில தயிரு தொங்கும். உரிமை தொங்காதும்மா" என்றார்.

பாத்திரம் கழுவும் பெண்கள் சிரித்தார்கள். மற்றவர்கள் என்ன என்ன என்று கேட்க, அவர் நிதானமாக விளக்கினார். மலையாளத்திலும் உறி உறிதான் என்பதால் அவர்களும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் லேசில் அடங்கவில்லை.

அடுத்த மாதம் சர்வரில் இடம் தீர்ந்தது. புது டிஸ்க் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் முடிந்த அறிக்கைகளை எல்லாம் அதற்கு மாற்றினேன். கூட்டல் குறிகள் உட்பட எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன. அவர் பெயரில் திறந்து பார்த்தேன், திறந்தது. ஒரே ஒரு வேலை பாக்கி. சர்வர் ஒவ்வொரு முறை எழும்போதும் எந்த டிஸ்கை எங்கே, என்ன நிபந்தனைகளோடு மாட்ட வேண்டும் என்பது ஒரு கோப்பில் வரிவரியாக இருக்கும். அதில் புது டிஸ்குக்கு ஒரு வரி சேர்க்க வேண்டும்.

நிபந்தனை எழுதும் இடத்தில் 'டீஃபால்ட்ஸ்' என்று ஒரே சொல்லைப் போட்டால் போதும். பெரும்பாலானவர்கள் அதைத்தான் போடுகிறார்கள். அதற்குள் என்னென்ன அடக்கம் என்று பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு. ஏசிஎல்லும் கேட்காமலே கூட வந்துவிடும். ஆனால் டீஃபால்ட்ஸ் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு இளக்காரம். என் கோப்பில் அந்தச் சொல்லே இருக்காது. ஒவ்வொரு வரிக்கும் நானே யோசித்து எழுதிய நிபந்தனைகள் இருக்கும்.

அதனால் மேலே இருந்த வரியை நகல் எடுத்தேன். அது ஆய்வு மெஷின்கள் துப்பும் கச்சா எண்களைச் சேர்த்து வைக்கும் டிஸ்கின் வரி. அங்கே ஆள் பார்த்து உரிமை கொடுக்கும் வேலையே இல்லை. வேகம் கூடும் என்று எங்கோ படித்து, 'நோஏசிஎல்', அதாவது ஏசிஎல் வேண்டாம், என்று முன்பு எப்போதோ அதில் எழுதியிருந்தேன். நகலில் டிஸ்கின் அடையாளத்தை மாற்றினேன். மாட்ட வேண்டிய இடத்தை மாற்றினேன். நிபந்தனைகளை அப்படியே விட்டுவிட்டேன். முட்டாள்களுக்கு இந்தத் தப்பு வராது, அவர்கள் டீஃபால்ட்ஸ் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். கெட்டிக்காரியாக இருந்ததால்தான் எனக்கு வந்தது.

அந்த வரி உடனே வேலை செய்யவில்லை, ஏனென்றால் டிஸ்கை நான் ஏற்கெனவே கையால் மாட்டியிருந்தேன். பத்து நாள் கழித்து மழையில் கரண்ட் போனது, யுபிஎஸ்ஸும் காலை வாரியது, சர்வர் அணைந்து எழுந்தது. எழும்போது என் வரியைப் படித்தது. டிஸ்கில் ஏசிஎல் அழியாமல் இருந்தது, ஆனால் மெஷின் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆய்வாளர் மீதி எல்லாரோடும் சேர்ந்து வெளியே நின்றார். அதோடும் போகவில்லை. கூட்டல் குறி இருக்கும்வரை குழுவின் இடத்தில் தெரியும் எழுத்துகள் வெறும் உச்சவரம்புதான். குறி போய்விட்டால் அதுவே குழுவின் உரிமை ஆகிவிடும். அன்றிலிருந்து, பார்க்க மட்டும் வேண்டிய ஆபீஸ்காரர்கள் எல்லாரும் எழுதலாம். எழுத வேண்டிய ஒருவர் எட்டிப் பார்க்கக்கூட முடியாது.

எனக்கு இது எதுவும் தெரியாது. ஆனால் அவர் வந்து சொன்னார்.

"ஏம்மா, முடிஞ்ச ரிப்போர்ட் ஃபோல்டரு தெறக்க மாட்டேங்குது. அனுமதி இல்லங்குது."

"பாஸ்வேர்ட் தப்பா அடிச்சிருப்பீங்க சேட்டா."

"அதெல்லாம் சரியா அடிச்சுத்தாம்மா உள்ள வந்தேன். மத்த ஃபோல்டரெல்லாம் தெறக்குது. இது ஒண்ணுதான்."

நாலைந்து பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

"சிஸ்டத்துக்கு ஒரு கொழப்பமும் இல்லா. செவுத்துல லிஸ்ட் இருக்கே, நீங்க திருத்தினதுதானே? அதுல உங்களுக்கு உரிமை உண்டு. சின்ன ரி."

இந்த முறை அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் தன் மேஜைக்குத் திரும்பிப் போனார். கறிவேப்பிலையும் கட்டிப்பெருங்காயமும் போட்ட மோர் குடித்த மாதிரி எனக்குக் குளிர்ந்தது. சர்வரைத் திறந்து ஒரு வரி அடித்துப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வந்தார், நாளைக்குப் பார்க்கிறேன் என்றேன். அந்த நாளை வரவில்லை. அவர் புது அறிக்கைகளை ஆபீஸுக்கு மெயிலில் அனுப்பிக்கொண்டிருந்தார்.

கரண்ட் போன நாளிலிருந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு ஏலக்காய்ச் சரக்கு வெளிநாட்டுத் துறைமுகத்திலிருந்து திரும்பி வந்தது. எங்கள் அறிக்கையில் தேறியிருந்தது, அங்கே சோதித்தபோது தேறவில்லை. முதலாளி, முடிந்த அறிக்கையையும் மெஷினின் கச்சா எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அறிக்கையில் தசமப் புள்ளி ஒரு இடம் நகர்ந்திருந்தது. கரண்ட் போவதற்கு முந்தைய நாள் ஆய்வாளர் போட்டு வைத்த அறிக்கை அது. கீழே அவர் கையெழுத்து. யாரோ மாற்றியிருக்கிறார்கள், யாரால் மாற்ற முடியும் என்று மூன்று மணிக்கு வந்து காட்டு என்று முதலாளி எனக்குச் சொல்லி அனுப்பினார்.

மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் சர்வரைத் திறந்தேன். கூட்டல் குறி இல்லை. ஒரு நிமிடம் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். பிறகு அந்தக் கோப்பைத் திறந்தேன், நோஏசிஎல் என்று என் கையெழுத்துப் போல உட்கார்ந்திருந்தது. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. பிறகு அந்த ஏலக்காய் அறிக்கையைப் பார்த்தேன். சொந்தக்காரர் என்ற இடத்தில் அவர் பெயர் இல்லை. ஒரு ஃபைலைத் திருத்திச் சேமித்தால், பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதிவிடுகிறது எங்கள் ஆபீஸ் மென்பொருள். அப்போது கடைசியாகச் சேமித்தவர் பெயர் அங்கே வந்துவிடும். அங்கே இருந்தது முதலாளியின் மச்சினன் பெயர். வியாபாரிகளைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை.

 எனக்கு முன்னால் இருந்தது ரொம்ப எளிமையான காரியம். திரையை அப்படியே முதலாளியிடம் காட்டினால் போதும். ஆய்வாளர் தப்பிப்பார், மச்சினன் மாட்டுவான், எட்டு வருடமாகச் சர்வரைக் கட்டி ஆண்டவள் மூக்கு உடையும். அவ்வளவுதான்.

நான் நோஏசிஎல்லில் இருந்த நோவை அழித்தேன். டிஸ்கை மறுபடி மாட்டச் சொன்னேன். கூட்டல் குறிகள் எல்லாம் ஒன்றுமே நடக்காதது போல வந்து நின்றன. பிறகு அந்த அறிக்கையின் சொந்தக்காரராக ஆய்வாளர் பெயரைப் போட்டேன். இரண்டும் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பயந்துபோய்ச் செய்தேன் என்று எழுதிவிடலாம், வாசிப்பவர்களுக்கும் என்மேல் இரக்கம் வரும். பயம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் பெயரை எழுத்து எழுத்தாக அடிக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இரண்டரை மணிக்கு அவர் வந்தார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"தெறந்துருச்சும்மா! நீ பாத்துச் சரி பண்ணிட்டியா?"

"ஆமா சேட்டா."

"நல்லா இருப்ப. மொதலாளி கூப்பிட்டாருன்னா, ஒரு மாசமாப் பூட்டிக் கெடந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிரும்மா. நான் சொல்லிட்டேன், நம்ப மாட்டேங்குறாரு. கம்ப்யூட்டர் விஷயத்துல நீ சொன்னா நம்புவாரு."

"சொல்றேன்" என்றேன்.

மூன்று மணிக்கு, சுவரில் இருந்த பட்டியலை ஓரம் கிழியாமல் உரித்தெடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். அவரும் நானும் மட்டும்தான்.

"ஆர்க்கா இதில் எழுதான் பற்றுன்னது?" என்று கேட்டார். யாரால் இதில் எழுத முடியும் என்று.

"ஒராள்க்கு மாத்ரம், சாரே" என்றேன். ஒருவருக்கு மட்டும். பட்டியலைக் காட்டினேன். மடிக்கணினியில் கூட்டல் குறியைக் காட்டினேன். சொந்தக்காரர் பெயரையும் காட்டினேன்.

ஃபோல்டர் பூட்டிக் கிடந்ததாக ஆய்வாளர் சொல்கிறாரே என்று கேட்டார். அப்படி ஒரு குறையும் சர்வரில் இல்லை என்றேன். புது அறிக்கைகளை எதற்கு மெயிலில் அனுப்பிக்கொண்டிருந்தார் என்று கேட்டார். அவருக்கு அதுதான் வசதி போலிருக்கிறது என்றேன். முதலாளிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் சிவப்பு வட்டம் அவர் கண்ணில் பட்டது.

"இது ஆருடெ?"

"ஆள்டெ தன்னெ" என்றேன். அவருடையதேதான்.

அதற்கு மேல் என்ன வேண்டும்? எழுதும் உரிமை தனக்கு மட்டும்தான் என்பதைப் படித்து, தன் கையாலேயே திருத்தி ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று ஆகிவிட்டது. நான் வெளியே வந்தேன். அவரை உள்ளே கூப்பிட்டார்கள். பத்து நிமிடம் இருக்கும். திரும்பி வந்தவர் தன் மேஜையிலிருந்து சோற்று டப்பாவையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் எடுத்துப் பையில் போட்டார். சிவப்புப் பேனாவை மேஜையிலேயே வைத்துவிட்டார்.

படியிறங்கும்போது என் பக்கத்தில் நின்றார்.

"நீ சொல்லியும் கேக்கலையாம்மா அந்த ஆளு?"

உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த கடைசி இடம் அதுவென்று அப்போதே தெரியும்.

"சொன்னேன் சேட்டா. கேக்கல்ல."

"விடு. சொந்தக்காரன விட்டுக்குடுப்பாரா? நீ இதுக்குமேல வாயத் தொறக்காத. உன் வேலையும் போயிரும்."

அவருக்கு மச்சினன்மேல் சந்தேகம் இருந்திருக்கிறது. என்மேல் இல்லை. என் வேலையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே படியிறங்கிப் போனார். சாயங்காலம் மச்சினன் எனக்கு ஒரு சாயாவும் பழம்பொரியும் வாங்கி வந்து மேஜையில் வைத்தான். எதற்கு என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பழம்பொரி சூடாக இருந்தது, தின்றேன்.

மறுநாள் அவருடைய கணக்கை நீக்கச் சொன்னார்கள், நீக்கினேன். ஆளை நீக்கினால் ஏசிஎல்லில் இருக்கும் பெயர் தானாகப் போகாது. பெயர் இருந்த இடத்தில் ஒரு எண் மட்டும் நிற்கும். முடிந்த அறிக்கைகளின் உரிமையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த எண் வரும். ஒரு வரி அடித்தால் போய்விடும், நான் அடிக்கவில்லை. இது ஏதோ மனச்சாட்சியின் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். அலுப்பு.

தமிழ் எழுதப் பழகியதும் அதற்குப் பிறகுதான். ஒரு இலக்கணப் புத்தகம் வாங்கி, எங்கே ர, எங்கே ற என்று குழந்தை போல எழுதி எழுதிப் பார்த்தேன். அவர் போன பிறகு யாருக்குக் காட்டப்போகிறேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை.

ஆறேழு மாதம் கழித்து ஒரு காலையில் ஃபோன் வந்தது. களமசேரியில் இருக்கும் ஒரு லேபிலிருந்து ஒரு பெண் பேசினாள். ஆய்வாளர் வேலைக்கு ஒருவர் வந்திருக்கிறார், விசாரித்துக்கொள்ள உங்கள் எண்ணைத்தான் தந்தார் என்றாள். பழைய முதலாளி நல்லது சொல்ல மாட்டார், ஆனால் சர்வர் பார்க்கும் அந்தப் பெண்ணுக்கு உண்மை தெரியும், அவளைக் கேளுங்கள் என்று சொன்னாராம். அறிக்கையைத் திருத்தியதாக ஒரு பேச்சு இருக்கிறதே, அவரைத் தவிர வேறு யாராவது அதைத் திருத்தியிருக்க முடியுமா என்று கேட்டாள்.

முதலாளியும் இல்லை, மச்சினனும் இல்லை. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். இப்போது சொன்னால் என் வேலைக்கு ஒன்றும் வராது, களமசேரிக்கும் மட்டாஞ்சேரிக்கும் நடுவில் அவ்வளவு பேச்சு கிடையாது. ஆனால் முடியும் என்று சொன்னால், எப்படி என்று அடுத்த கேள்வி வரும். எப்படி என்பதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு, அதில் என் பெயர் இருந்தது.

"இல்லா. எழுத உரிமை அவருக்கு மட்டும்தான்" என்றேன். அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

சாயங்காலம் படகுத்துறையில் நிற்கும்போது அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது.

"அந்த லேப்லருந்து கூப்பிட்டாங்களாம்மா? எடம் இல்லன்னுட்டாங்க. பரவால்ல. நீ எனக்காக நல்லதாத்தான் சொல்லிருப்ப, எனக்குத் தெரியும். அடுத்து எங்கயாச்சும் கேட்டாலும் உன் நம்பரத்தான் குடுப்பேன், கோச்சுக்காதம்மா."

இரண்டு முறை கேட்டேன். பிறகு தமிழில், ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லாமல், பதில் எழுதி அனுப்பினேன்.

"சரி அண்ணே."

அவரை நான் அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.